சங்கம் நட்ட முப்பது மைல்கல்

நாவற்கேணி மகளிர் கல்லூரி பழைய மாணவியர் சங்கம், நோர்வே, எண்டு சொன்னா ஒஸ்லோவிலை தெரியாத தமிழாக்கள் குறைவு. தெரியாட்டியும் ஒரு ரிக்கற் வித்துத் தெரியப்பண்ணிப்போடுவினம்.

அந்தச் சங்கத்திலை மூண்டு விதமான ஆக்கள். முதலாவது பூரண அங்கத்தவர். கல்லூரியிலை படிச்சு முடிச்சு, விடுகைப் பத்திரத்தோடை வெளியாலை வந்தவை. ரெண்டாவது வழித்தோன்றல் அங்கத்தவர். தாய் படிச்சிருந்தாக் காணும், பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தின்ரை படலையைக்கூடக் கண்ணாலை பாத்திருக்கத் தேவையில்லை. மூண்டாவது நலன்விரும்பி. நலன்விரும்பிக்கு வாக்கு இல்லை, சங்கச் சீலை இல்லை, மலரிலை பேர் இல்லை. குசினி இருக்கு.

புஷ்பராணி முப்பது வருசமா நலன்விரும்பி.

அவ அந்தக் கல்லூரியிலை படிக்காத ஆள் இல்லை. ஆறாம் வகுப்பிலையிருந்து ஒன்பதாம் வகுப்பு மட்டும் போனவ. எண்பத்திநாலாம் ஆண்டு சித்திரை லீவு முடிய, சந்தியிலை ஆமி நிக்குது, குமர்ப்பிள்ளையைத் தனிய அனுப்பேலாது எண்டு தாய் மறிச்சுப்போட்டா. நிலைமை சரிவரட்டும், பிறகு போகலாம் எண்டா. நிலைமை சரிவரேல்லை. ஆறு வருசத்தாலை கலியாணம்தான் சரிவந்தது. அப்பிடியே நோர்வே.

இஞ்சை வந்தாப்பிறகு கொமூன எண்ட நகரசபைக்கு, வேலைக்கு, குடியுரிமைக்கு எண்டு எத்தினையோ படிவம் நிரப்பிப்போட்டா. எல்லாத்திலையும் கல்வி எண்டு ஒரு கட்டம் இருக்கும். அவ அதை வெறுமையா விட்டிடுவா. எழுதினா அத்தாட்சி கேப்பினம். வீடே எரிஞ்சு போன இடத்திலை கடுதாசிக்கு எங்கை போறது? இப்ப ஐம்பத்தைஞ்சு வயசு. முதியோர் இல்லமொண்டிலை சமையலறை வேலை. மனிசன் போய்ச் சேந்திட்டார், மகன் ஸ்தவாங்கரிலை. அவவுக்கு மிஞ்சியிருந்த ஆசை சின்னன். இந்தப் பிள்ளை இந்தப் பள்ளிக்கூடத்திலை படிச்சது எண்டு எங்கையாவது ஒரு இடத்திலை எழுத்திலை இருக்கவேணும். சங்கத்தின்ரை முப்பதாம் ஆண்டு மலரிலை பழைய மாணவியள் எல்லாற்றை பேரும் வருகுதாம். அதிலை ஒரு வரி. வேறையொண்டும் வேண்டாம்.

இதிலை ஒரு சங்கடம் என்னெண்டா, சங்கம் பிறந்ததே அவவின்ரை வீட்டிலைதான். தொண்ணூற்றைஞ்சாம் ஆண்டு கார்த்திகை மாசம், கொட்டுற பனிக்குள்ளை ஏழு பொம்பிளையள் அவவின்ரை சாப்பாட்டு மேசையைச் சுத்தி இருந்தவை. அருள்நாயகி எழும்பி ஒரு தீர்மானம் கொண்டுவந்தா. "இந்த மேசையிலை இந்த நேரம் இருக்கிற எல்லாரும் பூரண அங்கத்தவர். இனிமேல் வாறவை அத்தாட்சியோடை வரவேணும்." ஆறு கை உயர்ந்தது. ஏழாவது கை அந்த நேரம் குசினியிலை தேத்தண்ணி வடிச்சுக்கொண்டு நிண்டது. புஷ்பராணி தட்டத்தோடை வெளியாலை வர, தீர்மானம் ஏகமனதா நிறைவேறியிருந்தது. கூட்டக்குறிப்பிலை எல்லாம் ஒழுங்கா இருக்கு. தேத்தண்ணி நல்லாயிருந்தது எண்டும் இருக்கு.

அருள்நாயகி அண்டையிலையிருந்து இண்டு மட்டும் தலைவி. இந்த முப்பது வருசத்திலை புஷ்பராணி மூண்டு தரம் அங்கத்துவத்துக்கு விண்ணப்பிச்சவ. முதல் தரம், விடுகைப் பத்திரம் கொண்டு வாரும் எண்டு பதில். ரெண்டாம் தரம் அவ ஊருக்கு எழுதி, கல்லூரிக் கந்தோர் சண்டையிலை எரிஞ்சு பதிவுகள் எல்லாம் அழிஞ்சுபோச்சு எண்டு ஒரு கடிதம் எடுப்பிச்சா. நிர்வாகக் குழு அதை ரெண்டு கூட்டம் வைச்சு ஆராய்ஞ்சுது. பதிவுகள் எரிஞ்சது எண்டு கடிதம் சொல்லுது, எரிஞ்ச பதிவுகளுக்குள்ளை உம்மடை பதிவும் இருந்தது எண்டு சொல்லேல்லையே எண்டு முத்திரை குத்தி மறுமொழி வந்தது. மூண்டாம் தரம், இந்த வருசம் மாசியிலை, நேரையே போய்க் கேட்டா.

அருள்நாயகி அவவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் சொன்னா. "புஷ்பராணி, உம்மிலை எனக்குச் சந்தேகமே இல்லை. நீர் எனக்கு ரெண்டு வகுப்புக் கீழை படிச்சனீர். வலைப்பந்துக்கு என்ரை சப்பாத்தை வாங்கிப் போட்டனீர். அருள்நாயகி எண்ட முறையிலை எனக்கு எல்லாம் நினைவிருக்கு. ஆனா தலைவி எண்ட முறையிலை எனக்கு உம்மைத் தெரியாது."

பிறகு அந்தக் கையை விடாமலே, முப்பதாம் ஆண்டு விழாவுக்கு வாற சனத்துக்குச் சாப்பிட நானூறு ரோல்ஸ் வேணும் எண்டா. இது டுக்னாட் எண்டா. நோர்வேயிலை எல்லாரும் சேந்து கூலியில்லாமல் செய்யிற பொது வேலைக்கு அதுதான் பேர். சங்கத்திலை மட்டும் அதை எல்லாரும் சேந்து செய்யிறேல்லை.

விழாவுக்கு மலர் வேணும், மலருக்கு வரலாறு வேணும். வரலாறு எழுதுற பொறுப்பை ஆலோசகர் மகேந்திரராசா எடுத்தார். அவர் அருள்நாயகியின்ரை மனிசன். பொம்பிளையளின்ரை சங்கத்துக்கு ஆம்பிளை ஆலோசகர் என்னத்துக்கு எண்டு ரெண்டாயிரத்தி ரெண்டிலை ஒராள் எழும்பிக் கேட்டவ. அவ இப்ப மற்றச் சங்கத்திலை. ஓம், மற்றச் சங்கமும் ஒண்டு இருக்கு. அதின்ரை பேரும் இதுதான், நோர்வே எண்டதுக்குப் பின்னாலை "கிளை" எண்டு ஒரு சொல்லு கூட.

முப்பது வருசத்துக்கு முப்பது மைல்கல் வேணும் எண்டு மகேந்திரராசா முடிவெடுத்தார். பழைய கோப்பெல்லாம் கிண்டிப் பாத்தா பதினொண்டுதான் அம்பிட்டுது. அவர் மனம் தளரேல்லை. சங்கத்துக்கு முத்திரை செய்தது ஒரு மைல்கல். பிரிஞ்சு போனவை முத்திரையைக் கொண்டு போனது ஒரு மைல்கல். புது முத்திரை செய்தது ஒரு மைல்கல். பழசு அருள்நாயகியின்ரை மேசை லாச்சிக்குள்ளையே கிடந்ததைக் கண்டுபிடிச்சது இன்னுமொரு மைல்கல். ரெண்டாயிரத்தி பதினொண்டிலை சமைக்கப் பெரிய கிடாரம் வாங்கினது, பதினாலிலை மற்றச் சங்கமும் அரக்குச் சீலை உடுத்ததாலை நாங்கள் நீலத்துக்கு மாறினது, பதினேழிலை அவையும் நீலத்துக்கு மாறினதாலை நாங்கள் திரும்ப அரக்குக்கு வந்தது, எல்லாம் மைல்கல். கொரோனா வந்த வருசத்துக்கு எழுத ஒண்டும் இல்லை. "இவ்வாண்டில் ஒன்றும் நடைபெறவில்லை. அதையும் ஒற்றுமையாகவே செய்தோம்" எண்டு எழுதி வைச்சார்.

முதல் பக்கத்துக்குப் போட, முதல் கூட்டத்துக்குப் பனிக்குள்ளை வந்த அண்டு எடுத்த படம் ஒண்டு இருந்தது. ஏழு பேர், நடுவிலை புஷ்பராணி. அவவை வெட்டினா ரெண்டு பக்கத்தாலையும் பூரண அங்கத்தவரின்ரை தோள் வெட்டுப்படும். கடைசியா ஆறு பேருக்குப் பேரும் பதவியும் போட்டு, நடுவிலை நிக்கிறவவுக்குக் கீழை "வீட்டுக்காரி" எண்டு போட்டினம்.

எழுதினது காணாது, ஆக்கள் கண்ணாலை பாக்கவேணும் எண்டு பிறகு யோசினை வந்தது. இசோபோரிலை, அதுதான் பெட்டியளுக்குள்ளை வாற அந்த வெள்ளைக் கட்டி, அதிலை முப்பது மைல்கல் வெட்டி, மஞ்சளும் வெள்ளையும் அடிச்சு, மண்டப வாசலிலையிருந்து மேடை மட்டும் நட்டுவைக்கிறது. ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலையும் ஒரு அங்கத்தவர் அரக்குச் சீலையோடை நிக்கிறது. ஊரிலையிருந்து வாற கல்லூரி அதிபர் ஒவ்வொரு கல்லாக் கடந்து வர, நிக்கிறவ தன்ரை வருசத்தைச் சொல்லிக் கும்பிடுறது.

ஒத்திகைக்கு நிண்டு எண்ணிப் பாத்தா ஆள் இருபத்திமூண்டு, கல்லு முப்பது. திராமனிலையிருந்து வழித்தோன்றல் பிள்ளையள் ஆறு பேரைக் காரிலை ஏத்திக்கொண்டு வந்தினம். அப்பவும் ஒண்டு குறைஞ்சுது. கிடாரம் வாங்கின கல்லுக்கு ஆள் இல்லை.

செயலாளர் நிலூஜா இஞ்சை பிறந்த பிள்ளை, கணக்காளர் வேலை, மனம் சுத்தம். அவள் கையை உயர்த்தி, "புஷ்பம் அன்ரி நிக்கலாம்தானே? அந்தக் கிடாரத்திலை பதினாலு வருசமா சமைக்கிறது அவதானே" எண்டாள். மகேந்திரராசா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு, சங்கத்தின்ரை சட்டப் புத்தகமான யாப்பின்படி வரலாற்றுக்குப் பின்னாலை அங்கத்தவர் மட்டும்தான் நிக்கலாம் எண்டு விளங்கப்படுத்தினார். ஆளுக்குப் பதிலாக் கிடாரத்தையே வைப்பம் எண்டு முடிவாச்சு. கிடாரம் சங்கத்தின்ரை சொத்து, அதிலை ஒருத்தருக்கும் ஆட்சேபம் இல்லை. புஷ்பராணி அதைப் புளி போட்டு மினுக்கிக் குடுத்தா. அது நல்லாத்தான் நிண்டுது.

விழா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மண்டபம் ஒரு பள்ளிக்கூடத்தின்ரை ஜிம். ஆறு மணிக்குச் சுத்தமாக்கிப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் குடுத்திடவேணும். புஷ்பராணி காலமை எட்டுக்கே வந்து அடுப்பைப் பத்தவைச்சிட்டா. குசினிக்கும் மண்டபத்துக்கும் இடையிலை ஒரு சின்ன யன்னல் இருந்தது, சாப்பாடு குடுக்கிறதுக்கு. அதாலை மேடையின்ரை பாதி தெரியும்.

அதிபர் கல்லுகளைக் கடந்து வரவே நாப்பது நிமிசம் போச்சு. அம்பது வயசு மதிக்கத்தக்க மெல்லிய மனிசி. விடிய நாலு மணிக்கு விமானத்தாலை இறங்கின களைப்பு முகத்திலை. கிடாரத்தடியிலை ஒருத்தரும் வருசம் சொல்லாததாலை கொஞ்சம் நிண்டு பாத்திட்டு, கிடாரத்தைக் கும்பிட்டுப்போட்டு வந்தா.

அருள்நாயகியின்ரை தலைமையுரை முக்கால் மணித்தியாலம். "நான் ஒருநாளும் பதவிக்கு ஆசைப்பட்டனான் இல்லை. பதினொரு தரம் ராசினாமாக் கடிதம் எழுதினனான். பதினொரு தரமும் அதை நானே வாசிச்சுப் பாத்து, சங்கத்தின்ரை நன்மையைக் கருதி நானே நிராகரிச்சனான். எங்கடை கல்லூரி எங்களுக்குப் படிப்பிச்சது பணிவு. பணிவிலை எங்களை அடிக்க ஐரோப்பாவிலையே ஒரு சங்கம் இல்லை எண்டதை இந்த இடத்திலை சவாலாச் சொல்லுறன். உங்களுக்கு ஒரு அத்தாட்சி வேணுமெண்டா, இஞ்சை நிக்கிற ஒவ்வொருவரும் ஒரு அத்தாட்சி." ஆக்கள் கைதட்டினவை. அரைவாசிப் பேர் பசியிலை தட்டினவை, முடிஞ்சுதாக்கும் எண்டு.

பிறகு அதிபர் எழும்பினா. அவவுக்குச் சுத்தி வளைக்கத் தெரியேல்லை. கல்லூரிக் கந்தோர் எரிஞ்சது எல்லாருக்கும் தெரியும், ஆனா போன வருசம் ஒரு அதிசயம் நடந்தது எண்டு சொல்லி, துணியிலை சுத்தின ஒரு பொருளை எடுத்தா. ஒரு வரவுப் பதிவேடு. எண்பத்திநாலாம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு பி. வகுப்பாசிரியர் தில்லைநாதன் மாஸ்டர் வரவுக் கணக்கைக் கூட்டிப் பாக்க வீட்டை கொண்டுபோனவராம். பிறகு இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதையும் காவிக்கொண்டு திரிஞ்சிருக்கிறார். அவர் கண்மூடினாப்பிறகு மகள் கொண்டுவந்து பள்ளிக்கூடத்திலை குடுத்தவவாம். சண்டைக்கு முந்தின காலத்துக்கு எண்டு கல்லூரியிட்டை இப்ப இருக்கிறது இந்த ஒரு கொப்பிதான்.

"முப்பத்தெட்டுப் பிள்ளையள். பேரை வாசிக்கிறன். ஆராவது இஞ்சை இருக்கிறியளோ எண்டு பாப்பம்," எண்டா.

ஒவ்வொரு பேரா வாசிச்சா. அரக்குச் சீலைக்காரர் ஆளை ஆள் பாத்தினம். ஒருத்தரும் அந்த வகுப்பு இல்லை. இருபது பேர் வாசிச்சு முடிஞ்சுது.

"செல்லத்துரை புஷ்பராணி."

யன்னலுக்குப் பின்னாலை ஒரு கை உயர்ந்தது. அகப்பையோடை. அவ உயர்த்தோணும் எண்டு நினைச்சு உயர்த்தேல்லை, அது தன்ரைபாட்டிலை போச்சு. நிலூஜா ஓடிவந்து, "அன்ரி, வாங்கோ" எண்டு ஏப்பிரனோடையே இழுத்துக்கொண்டு போனாள்.

அதிபருக்குச் சந்தோசம் தாங்கேலாமல் போச்சு. "அப்ப இந்த மண்டபத்திலை கல்லூரியிட்டை எழுத்திலை அத்தாட்சி உள்ள ஆள் இவ ஒராள்தான் போலை," எண்டு மைக்கிலை சொல்லிப்போட்டா. கள்ளமில்லாமல்தான் சொன்னா. ஆனா மகேந்திரராசா கதிரைக்குக் கீழை யாப்பைத் தேடத் தொடங்கினார்.

புஷ்பராணி ஏப்பிரனிலை கையைத் துடைச்சுப்போட்டுக் கொப்பியைக் குனிஞ்சு பாத்தா. மாசத்துக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு மாசமும் முப்பத்தெட்டுப் பேரும் புதுசா எழுதியிருக்கு. வந்த நாளுக்கு ஒண்டு, வராத நாளுக்குச் சைபர். தை, மாசி, பங்குனி, சித்திரை மட்டும் அவவின்ரை பேருக்கு நேரை ஒண்டு ஒண்டா நிண்டுது. வைகாசியிலையிருந்து சைபர். வேறை நாலைஞ்சு பிள்ளையளும் அந்த வருசம் இடையிலை நிண்டிருக்குதுகள். அதுகளின்ரை பேருக்கு மேலை சிவப்பு மையாலை ஒரு கோடு, பக்கத்திலை "விலகல்" எண்டு எழுதியிருக்கு. அடுத்த மாசத்திலை அந்தப் பேர் இல்லை. இவவின்ரை பேரை வெட்டேல்லை. ஆனி, ஆடி, ஆவணி எண்டு மார்கழி மட்டும் மாஸ்டர் ஒவ்வொரு மாசமும் செல்லத்துரை புஷ்பராணி எண்டு முழுசா எழுதி, நாளுக்கு ஒரு சைபர் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

"வருவியள் எண்டு பாத்திருக்கிறார்போலை," எண்டா அதிபர், மைக்கை மூடிக்கொண்டு.



நிர்வாகக் குழு மேடைத்திரைக்குப் பின்னாலை அவசரக் கூட்டம் போட்டுது. பதினைஞ்சு நிமிசம். சனம் ரோல்ஸ் இருக்கிற பக்கம் பாத்துக்கொண்டு இருந்தது. பிறகு மகேந்திரராசா யாப்பும் கையுமா வெளியாலை வந்தார்.

"அன்பானவர்களே, சங்கம் உணர்ச்சிக்கு இடம் குடுக்கிறதில்லை, ஆதாரத்துக்குத்தான் இடம் குடுக்கும். ஆதாரத்தை ஆராய்ஞ்சம். தங்கச்சி புஷ்பராணி கல்லூரியிலை சேந்ததுக்கு ஆதாரம் இருக்கு. கல்லூரியை விட்டு விலகினதுக்கு ஆதாரம் இல்லை. யாப்பு நாலாம் பிரிவு என்ன சொல்லுது? பழைய மாணவி எண்டா, கல்லூரியிலை கற்று விலகியவர். விலகாத ஆளை நாங்கள் எப்பிடிப் பழைய மாணவி எண்டு எடுக்கிறது? அவ இன்னும் மாணவி. நடப்பு மாணவியைச் சங்கத்திலை சேத்தா நாளைக்குக் கல்லூரிக்கு என்ன மறுமொழி சொல்லுவம்?"

முன்வரிசையிலை ரெண்டு பேர் தலையாட்டிச்சினம். அதிபர் என்னவோ சொல்ல வாயெடுத்தா, அவர் கையைக் காட்டி நிப்பாட்டினார்.

"ஆனா எங்களுக்கு இதயம் இல்லாமல் இல்லை. வழி ஒண்டு இருக்கு. அதிபர் அம்மா இஞ்சை நேரை நிக்கிறா. பதிவேடும் இருக்கு. ஒரு கோடு. 'விலகல்' எண்டு ஒரு சொல்லு. அந்த நிமிசமே தங்கச்சி பூரண அங்கத்தவர். மலரிலை பேரை ஒரு துண்டிலை அச்சடிச்சு ஒட்டிக் குடுப்பம்."

சொல்லிக்கொண்டு சட்டைப் பைக்குள்ளையிருந்து சிவப்புப் பேனை ஒண்டை எடுத்து அதிபரிட்டை நீட்டினார். மலர் திருத்த வைச்சிருந்த பேனை.

அதிபர் வாங்கினதுதான், என்ன செய்யிறதெண்டு தெரியாமல் புஷ்பராணியைப் பாத்தா. அருள்நாயகி கிட்ட வந்து மெதுவா, "யோசியாதையும் புஷ்பராணி, ஒரு கோடுதானே. உமக்கெண்டு அரக்குச் சீலை ஒண்டும் எடுத்து வைச்சிருக்கிறம்," எண்டா. முப்பது வருசம் கேட்டது அது. ஒரு வரி, அச்சிலை. இந்தா கைக்கெட்டின தூரத்திலை நிக்குது, மை காயமுந்தி வாங்கலாம்.

புஷ்பராணி கொப்பியை எடுத்தா. மார்கழிப் பக்கத்திலை விரலை வைச்சு, தன்ரை பேரிலையிருந்து கடைசிச் சைபர் மட்டும் ஒருக்கா இழுத்துப் பாத்தா. பிறகு மூடி, துணியாலை சுத்தி, அதிபரின்ரை கையிலை குடுத்தா.

"வெட்டவேண்டாம், மிஸ். அது அப்பிடியே இருக்கட்டும்."

அருள்நாயகிக்கு விளங்கேல்லை. "அப்ப மலரிலை உம்மடை பேர் வராதே."

"ஓம் அக்கா. அங்கை இருக்குத்தானே."

பிறகு அவ திரும்பிக் குசினிக்குப் போய், சனத்துக்குச் சாப்பாடு குடுத்து முடிச்சா. அதிலை குறை வைக்கேல்லை. மைல்கல் ஒண்டிலை தடக்கி விழுந்த ஒரு வயசுபோன மனிசனுக்கு ரெண்டு ரோல்ஸ் கூடவும் வைச்சா.

அஞ்சரை ஆச்சு. சனம் போயிட்டுது. அருள்நாயகி குசினி வாசலிலை வந்து நிண்டு, ஆறு மணிக்குத் திறப்புக் குடுக்கவேணும், சட்டி பானையெல்லாம் அப்பிடியே கிடக்குது, கெதியாய்க் கழுவும் எண்டு நினைவுபடுத்தினா. புஷ்பராணி அந்த நேரம் ஜக்கற் போட்டு, தொப்பியும் போட்டு, ஏப்பிரனை மடிச்சு மேசையிலை வைச்சிட்டா.

"இதென்ன புஷ்பராணி, இது டுக்னாட் எல்லே?"

"நான் படிக்கிற பிள்ளை, அக்கா," எண்டா அவ. குரலிலை கோவமும் இல்லை, பகிடியும் இல்லை, நாள் முழுக்க நிண்ட களைப்பு மட்டும்தான். "இப்பதானே அண்ணை மைக்கிலை சொன்னவர். படிக்கிற பிள்ளையிட்டை வீட்டு வேலை வாங்கக்கூடாது."

அருள்நாயகிக்கும் ரெண்டு பெடியள், மருத்துவம் படிக்க விட்டவ. பரீட்சை முடியும் மட்டும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவ விட்டிருக்கமாட்டா. அந்தக் கதைக்கு மறுகதை எந்த யாப்பிலையும் இல்லை எண்டது அவவுக்குத் தெரியும்.

புஷ்பராணி வெளியாலை இறங்க, உள்ளுக்கை மகேந்திரராசாவின்ரை குரல் கேட்டுது. சட்டி கழுவுறதுக்கு மூண்டு பேர் கொண்ட ஒரு உபகுழு அமைக்கவேணுமாம், அதுக்குத் தலைவியா ஆரை முன்மொழியிறியள் எண்டு கேட்டுக்கொண்டு நிண்டார்.